சாம்பல் கோடு

“எடுடா... போனை எடு!”

ஒரு கையில் போன், மறு கையில் மவுஸ். ட்ரோன் அனுப்பியிருந்த காட்டுப் படத்தை அவள் பெரிதாக்கினாள். மேஜைக்கு அடியிலிருந்து ‘டக்... டக்...’

“பென்சிலைத் தட்டாதே குட்டி!”

பள்ளி விடுமுறை, மகளை அலுவலகத்துக்கே கூட்டி வந்திருந்தாள். சத்தம் நிற்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையா அது!

திரை இழுத்துவிட்ட அந்த அறையில், சூடேறிய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாடைக்கு நடுவே, காடு ரத்தச் சிவப்பாய் விரிந்து கிடந்தது. ட்ரோனின் அகச்சிவப்புக் கேமராவுக்கு உயிருள்ள இலை சிவப்பு; பட்டைக்குள் வண்டு புகுந்த மரமோ, வெறுங்கண்ணுக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும்போதே, படத்தில் சாம்பலாகிவிடும். வண்டு அரித்தால் அந்தச் சாம்பல், கொட்டிய தண்ணீர் போலக் கண்டபடி பரவும். இது அப்படியில்லை. கோடு. வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாம்பல் கோடு.

அதன் நுனியில் அவள் தம்பி. மரங்களை நேரில் போய்ச் சோதிப்பது அவன் வேலை. நேற்றும் இன்றும் அவன் நடந்த தடமேதான் அந்தக் கோடு.

“என்னக்கா, தலை போற அவசரமா?”

“மரத்தை என்னடா பண்றே?”

“கட்டிப்பிடிச்சு லவ் பண்றேன். உள்ளே வண்டு தட்டுதான்னு காதை வச்சுக் கேக்கறேன்கா, வேற என்ன? எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் கேமராவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடு.”

“நீ தொட்டதெல்லாம்தான்டா சாம்பலாகுது! கையை எடு. ஜீப்புக்கு ஓடு!”

சருகு நொறுங்கியது. மூச்சிரைத்தது. பிறகு, போனுக்குள் ‘டக்... டக்...’

“இன்னும் மரத்துலயா சாஞ்சு நிக்கறே?”

“இல்லக்கா. ஜீப்கிட்ட வந்துட்டேன். பக்கத்துல மரமே இல்ல.” குரலில் கேலி செத்திருந்தது. “அக்கா... எனக்குள்ளேர்ந்து வருது.”

அவள் மவுஸை விட்டாள்.

நேற்று ராத்திரி அவன் வீட்டுக்கு வந்திருந்தான். மாமனைக் கண்டால் மடியை விட்டு இறங்காத பிள்ளை, அவன் நெஞ்சில் காதை வைத்தபடியே தூங்கிப்போனது. தூங்குவதற்கு முன், “மாமாவுக்கு நெஞ்சு ரெண்டா அடிக்குதும்மா” என்றது.

எல்லோரும் சிரித்தார்கள்.

டக்... டக்...

அவள் கை தானாகக் கொண்டைக்குப் போனது. பென்சில். சுவரில் கிறுக்கியதற்காகக் காலையிலேயே பிடுங்கிச் செருகிக்கொண்டது.

குனிந்தாள்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் பூவாய்ச் சிவந்திருந்தது. இரண்டு கைகளும் விரிந்து கிடந்தன. வெறுமையாய்.

டக்... டக்...