வில்தானாவுக்கு வைத்த மூன்றாவது காபி

"ஏங்க... அதைக் கீழ இறக்குங்க!"

மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் வந்தது. செங்குத்தான சந்தில் ஓடி ஏறிக்கொண்டிருந்த வேதாத் நின்று திரும்பினான். கம்பத்திலிருந்து அவிழ்த்த திரைப்பட விழா விளம்பர அட்டை ஒன்று அவன் தலைக்கு மேல் குடையாக இருந்தது.

"எதை?"

"தலைக்கு மேல பிடிச்சிருக்கீங்களே... என் படத்தை!"

"படம் நனைஞ்சா காயும்ங்க. எனக்குச் சளி பிடிச்சா நாளைக்கு ட்ராமை யார் ஓட்டறது?"

ஆகஸ்ட் மாதத்து மழை, கண்ணுகளா, சொல்லாமல் கொள்ளாமல் மலையிலிருந்து இறங்கிவிடும். அவள் முழுக்க நனைந்திருந்தாள். நெற்றியில் ஒட்டிய முடி, கோபத்தில் சிவந்த மூக்கு... அந்தச் சாம்பல் நிறக் கண்கள் மட்டும் மழைக்கு முந்தைய வானம் மாதிரி, இன்னும் எதையோ கொட்டாமல் வைத்திருந்தன.

'இவ்வளவு கோபத்திலும் அழகா இருக்காளே...' என்று நினைத்தான். வாயோ வேறு எதையோ சொல்லித் தொலைத்தது.

"இதெல்லாம் ஒரு படமா? முற்றுகையில நாம அழுததைப் பாட்டில்ல அடைச்சு வெளிநாட்டுல வித்துட்டு, பரிசோட திரும்பி வர்றாங்க."

"பார்த்தீங்களா?"

"நான் இந்த மாதிரிப் படமே பார்க்கறதில்ல."

"பார்க்காமலே தீர்ப்பா? நல்லது. எடுத்தவ நான்தான்."

வேதாத் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். வில்தானா கபேதான் என்ற பெயர் மழையில் வழிந்துகொண்டிருந்தது. அவன் காது நுனி சிவந்தது. மெல்ல அந்த அட்டையை அவள் தலைக்கு மேல் நீட்டினான். இப்போது நனைவது அவன் முறை.

"திட்டறதா இருந்தா... உள்ள வந்து திட்டுங்களேன். இதுதான் எங்க வீடு."

வாசலில் காலணிகளைக் கழற்றியதும் அவன் அம்மா நஃபியா ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். "யாருடா இது, கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குது! உட்காரு மகளே."

"தொந்தரவு குடுக்கறேன் அத்தை."

"தொந்தரவா? இவன் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து நான் பார்த்ததே இல்ல. நீ தாராளமா குடு!"

வேதாத் சமையலறைக்குள் ஓடினான். செம்புக் கிண்டியில் முதல் காபி வந்தது, வரவேற்கும் காபி. சிறு கிண்ணங்களை நிரப்பிவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"எப்படிங்க... டைரக்டர் ஆனீங்க?"

சின்னப் பிள்ளை கேட்பது போல் கேட்டான். கோபமாக இருக்கவேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவன் கண்கள்... எங்கள் நெரெட்வா ஆற்றின் பச்சை. சொல்லத் தொடங்கிவிட்டாள்.

படைகள் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்துக் குண்டு போட்ட அந்த முற்றுகையின்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சினிமா கற்றுத்தந்த பள்ளி, குண்டு விழுந்தாலும் கதவை மூடவில்லை. இரவல் காமிரா. கார் பேட்டரியில் அதற்கு உயிரூட்டுவார்கள். என்றைக்காவது மின்சாரம் வந்தால் ஊரே ரொட்டி சுட ஓடும். இவள் படத்தொகுப்பு மேசைக்கு ஓடுவாள்.

"ஒரு நாள் ரெண்டு காட்சியை ஒட்டறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. மறுபடி வந்தது மூணு வாரம் கழிச்சு! அதுவரைக்கும் அந்தப் படம் என் தலைக்குள்ளதான் ஓடிட்டிருந்தது."

அப்புறம் குறும்படம், ஆவணப்படம், இப்போது முதல் முழுநீளப் படம். அதற்கே ஒன்பது வருடம். எங்கள் இயக்குநர்கள் பாதிப்பேருக்குக் கதை இதுதான், கண்ணுகளா. வயிற்றில் ஒன்றுமில்லாமல் காமிராவைத் தூக்கியவர்கள். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் பரிசு வாங்கினால், இங்கே முகம் தெரியாதவர்கள் கூடத் தெருவில் கட்டிப்பிடித்துக்கொள்வோம். இந்தச் சின்ன நாட்டுக்கு அவர்களைவிட நல்ல தூதுவர் யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது காபி வந்தது. அது பேச்சுக்கான காபி. அவள் குரல் தணிந்தது.

"வெளிநாட்டுல கை தட்டினாங்க. அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் முதல் தடவையா இங்க காட்டறோம். இங்க எல்லாருமே அந்த முற்றுகைக்குள்ள இருந்தவங்க. ஒரே ஒரு இடத்துல பொய் இருந்தாலும்... நம்ம ஊரு என்னை மன்னிக்காது. அப்புறம் நான் காமிராவைத் தொடவே மாட்டேன்."

வேதாத் பதறினான். 'தைரியம் சொல்லணும்... இவ இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்...' கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து போய் இன்னொரு கிண்டி காபியைப் பொங்கப் பொங்கக் கொண்டுவந்து வைத்தான்.

அவள் முகம் வெளுத்தது.

எங்கள் வீடுகளில் மூன்றாவது காபி வந்தால் விருந்தாளி எழுந்துவிட வேண்டும். போய் வா என்று வாய் சொல்லாது, காபி சொல்லும்.

"புரிஞ்சுதுங்க," என்றாள். கிண்ணத்தைத் தொடவில்லை. "நாளைக்கு ஊரு என்ன சொல்லுமோன்னு பயப்படறேன்னேன். இன்னிக்கே தெரிஞ்சு போச்சு. வர்றேன் அத்தை."

"அய்யோ, இருங்க... மழை விடல..."

கதவு மூடியது. வேதாத் ஒன்றும் விளங்காமல் நின்றான். நஃபியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிறுக்கா! எத்தனாவது காபிடா அது?"

அவன் மேசையைப் பார்த்தான். எண்ணினான். அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

"அம்மா... அவங்க போகக்கூடாதுன்னுதான் போட்டேன்!"

"போகக்கூடாதுன்னு போ-காபி வச்ச ஒரே ஆம்பளை இந்த ஊர்லயே நீதான்டா! நாளைக்கு அந்தப் படத்துக்குப் போறோம். வாயைத் திறக்காத. கிளம்பு."

மறுநாள் மாலை, திறந்தவெளி அரங்கில் மூவாயிரம் பேர். வில்தானா மேடையோரம் நின்று, திரையைப் பார்க்காமல் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில், நிலவறைக்குள் ஒரு கல்யாணம். பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே ஒருவரை ஒருவர் கேலி செய்யும் சொந்தக்காரர்கள். துப்பாக்கிக்காரன் குறிபார்க்கும் தெருவில் தண்ணீருக்கு ஓடப்போகும் ஒரு பெண்... ஓடுவதற்கு முன், உடைந்த கண்ணாடியில் பார்த்து நிதானமாக உதட்டுச்சாயம் பூசிக்கொள்கிறாள்.

படம் முடிந்தது. ஒரு கை கூடத் தட்டவில்லை. வில்தானா தலையைக் குனிந்துகொண்டாள். 'முடிஞ்சுது...'

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டினார். "யாராவது பேசறீங்களா?"

நடுவரிசையில் ஒருவன் எழுந்தான். பக்கத்திலிருந்த அம்மா இடுப்பில் இடித்ததால்தான் எழுந்தான்.

"நான்... ட்ராம் டிரைவருங்க. இந்தப் படத்தைப் பார்க்காமலே தப்பாப் பேசினேன்." அம்மாவை ஒருமுறை பார்த்தான். "எங்க அம்மாவும் தண்ணிக்குப் போறப்போ உதட்டுச்சாயம் பூசிக்கிட்டுதான் போவாங்க. செத்தாலும் அழகாச் சாவேன்டா பயலேன்னு சிரிப்பாங்க. அழுததெல்லாம் ஞாபகம் இருக்கு. அந்தச் சிரிப்பை மறந்தே போயிட்டேன். நீங்கதான் திருப்பிக் குடுத்தீங்க."

நஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது, கண்ணுகளா... ஒருவர், பத்துப் பேர், பிறகு அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அதுவரை தட்டாமல் இருந்தது ஏன் தெரியுமா? எல்லார் கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சத்தம் அடங்கியும் அவன் உட்காரவில்லை.

"இன்னொண்ணு... நேத்து எங்க வீட்டுக்கு வந்தவங்களுக்கு மூணாவது காபி வச்சிட்டேன். அனுப்பறதுக்கு இல்லீங்க. அவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு ஆசையில... எண்ண மறந்துட்டேன். இனிமேலும் கேட்கணும். எவ்வளவு நாள் பேசினாலும்."

மூவாயிரம் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடப்பாவி!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

எத்தனையோ நாட்டு நிருபர்களுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னவள், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாம்பல் கண்கள் வழிந்தன. உதடுகள் சிரித்தன.

"நானும்... போக மனசே இல்லாமதான் போனேன்," என்றாள் வில்தானா.