அக்செலின் யன்னல்

நாலு மணிக்கே இருட்டிவிடும் ஒரு மார்கழி நாளில், டென்மார்க்கில் விபோர்க் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில், அந்தப் பழைய வீட்டுக்குள் நானும் சிறீஸ்கந்தராசா அண்ணையும் பெட்டியோடு நுழைந்தோம். ஈரக் கம்பளியும் சப்பாத்துப் பொலிஷும் கலந்த மணம் அடித்தது. ஆளில்லாத வீட்டில் பொலிஷ் மணம் எப்படி வரும் என்று கேட்டேன்.

"மன்னார்க்காரருக்கு மூக்கு நீளம்" என்று என் ஊரைச் சொல்லி அண்ணை சிரித்தார்.

அகதி முகாமை விட்டு அவர் வீடு தேடியதற்குக் காரணம் ஒன்றுதான். மனைவி மனோரஞ்சிதமும் சின்னஞ்சிறு மகள் தனுசியாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்து நெடுநாளாகியிருந்தது. கேட்டால் அதிகாரிகள் "பார்க்கிறோம்" என்பார்கள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதே பதில்தான். சட்டம் இருந்தது, விண்ணப்பம் அசையவில்லை.

மேல்மாடிச் சின்ன அறை மகளுக்கு என்று முடிவு செய்து, சுவரில் ஒட்டியிருந்த பழைய கடதாசியை உரித்தோம். உள்ளே கறுப்புச் சாயத்தில் ஒரு சின்னம் தெரிந்தது.

"நீக்கிலாஸ், இஞ்ச பார்! சுவஸ்திகம்!" அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல சகுனமடா. அவையள் வந்திடுவினம்."

எங்கோ படத்தில் கண்ட மாதிரி எனக்கு இருந்தது. "சரிஞ்செல்லோ கிடக்கு அண்ணை?"

"கீறினவனுக்குக் கை கோணல்."

ஊரிலிருந்து வந்த குங்குமத்தை அதன் நடுவில் வைத்தார். அந்த அறை யன்னல் ஓரத்தில் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டார். நான் வேதக்காரன், மாதா கோயில் ஆள்; சும்மா நின்றேன்.

இறங்கி வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தோம். வாசல் கதவு திறக்காமலே குளிர் உள்ளே வந்தது.

படியில் ஒரு காலடி.

பிறகு இன்னொன்று. வயதான காலடி. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கியது. படியில் ஒருவருமில்லை.

மேலே ஒரு பெண்குரல் கெஞ்சியது.

"அக்செல்?"

பிறகு அழுகை. அப்படி அடக்கி அழுததை நான் செத்தவீடுகளிலும் கேட்டதில்லை. நான் செபமாலையைத் தேடினேன். அண்ணை கேத்தலைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றார்.

காலையில் எதிர்வீட்டு மூதாட்டி இங்கர் முகம் வெளிறி வந்தார். அந்த யன்னலில் வெளிச்சம் வைத்தது யார் என்று கேட்டார். மேலே கூட்டிப்போனோம். சுவரைக் கண்டதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

எங்கள் அரைகுறை டெனிஷுக்கு விளங்கியது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பண்ணைகள் நொடிந்தபோது இந்த வீட்டுக்காரன் நாஜிக் கட்சியில் சேர்ந்தான். பழுப்புச் சட்டை, மேளம், கொடி. கீழ் அறையில்தான் கூட்டம் நடந்தது. அரைக் கிராமம் வந்து கைதட்டியது, இங்கரின் தகப்பன் உட்பட. மகன் அக்செலின் சுவரில் அந்தக் கட்சிச் சின்னத்தைக் கீறியது தகப்பன். ஜேர்மன்காரன் நாட்டைப் பிடித்த பிறகு, மீசை முளைக்காத பெடியனை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பியதும் தகப்பன். பெடியன் திரும்பவில்லை.

ஜேர்மன்காரன் தோற்ற மே மாத இரவில் நாடு முழுக்க யன்னல்களில் மெழுகுதிரி வைத்தார்கள். கைதட்டிய அதே கிராமம் வந்து தகப்பனை லொறியில் ஏற்றியது. தாய் மேலே போய் மகனின் யன்னலில் ஒரு திரி வைத்தாள். விடுதலைக்காக இல்லை, பிள்ளை வந்தால் வழி தெரியவேண்டும் என்று. சாகும்வரை தினமும் வைத்தாளாம்.

"எங்கட வெளிச்சத்தைக் கண்டிட்டு, மோன் வந்திட்டான் எண்டு நினைச்சிட்டா" என்றார் அண்ணை.

கத்தியெடுத்து அந்தச் சின்னத்தைச் சுண்ணாம்பு தெரியும்வரை சுரண்டினார். குங்குமமும் உதிர்ந்தது. ஆனால் பின்னேரம் திரியை மறுபடி கொளுத்தினார்.

"உங்களுக்கு விசரே அண்ணை?"

"அவவும் என்னைப்போலதானேடா. பாத்துக்கொண்டு இருக்கிறவளுக்கு வெளிச்சத்தை நூத்து இருட்டாக்கிறதே?"

மாரி முழுக்க அவள் வந்தாள். காலடி, அந்தப் பெயர், பிறகு அழுகை. எனக்குப் பயம் போய்ப் பாவமாக இருந்தது.

மே மாதம் வந்தது. கிராமத்தார் விடுதலை நினைவாக வழக்கம்போல யன்னல்களில் திரி வைத்துக்கொண்டிருந்த பின்னேரம் தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் ஷெல் விழுந்திருந்தது. பிள்ளை பங்கருக்குள் இருந்து தப்பிவிட்டாள். மனோரஞ்சிதம் தப்பவில்லை.

அண்ணை திரி கொளுத்தவில்லை. கீழே நிலத்தில் இருந்தார். இருட்டியது.

மேலே வெளிச்சம் தெரிந்தது.

காலடி இந்தமுறை கீழே இறங்கியது. ஒவ்வொரு படியாக வந்து, அண்ணைக்குப் பின்னால் நின்றது.

அவருடைய தலைமயிர், யாரோ தடவுவதுபோல, மெல்ல அசைந்தது.

அன்று அவள் யாரையும் கூப்பிடவில்லை.

அனுமதி பிறகு வந்தது, தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து. மகள் மட்டும் வந்தாள். அதற்குள் நாங்கள் அந்த வீட்டை விட்டுப் பிரெடெரிசியா நகரத்துக்குப் போய்விட்டோம்.

போன மே மாதம் அந்தப் பாதையால் காரில் வந்தோம். பக்கத்தில் அண்ணை நித்திரை. வீட்டுக் கதவுக்குப் பலகை அடித்திருந்தது. மேல் யன்னலில் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன. பின்னால் இருந்த தனுசியா கை காட்டினாள்.

"ஆருக்குப் பிள்ளை கை காட்டுறாய்?"

"அந்தக் கிழவிக்கு, மாமா. அவவுக்குப் பக்கத்தில அம்மா நிக்கிறா."