சாமுராய் ரசிகர் மன்றத்தின் இரண்டாவது மனு

செவ்வாய்க் கோளின் புதுப்பொருநைக் குடியிருப்பில் காலை ஐந்தரை மணிக்கு, வழக்கம்போல, பல ஆயிரம் பேர் வாளால் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். பிறகு எழுந்து பல் விளக்கி, பாசிக்கஞ்சி குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

அவர்கள் செத்த இடம் 'மூங்கில் பள்ளத்தாக்கு'. காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் செவிமணியைத் தட்டினால் போதும்; பழைய ஜப்பானில் இடுப்பில் இரண்டு வாளோடு நிற்கும் சாமுராய் ஆகிவிடலாம். ஆற்றுக்கு இக்கரையில் புதுப்பொருநைக்காரர்கள். அக்கரையில் பக்கத்துக் குடியிருப்பான தென்குழிக்காரர்கள். மழை நனைக்கும், வாள் பட்டால் சுரீரென்று வலிக்கும், செத்தவர் மறுநாள் முழுசாகத் திரும்பி வருவார். பத்தடி அறையில் வாழ்ந்துகொண்டு, கூரைக்கு வெளியே ஒரு மூச்சுகூட விடமுடியாத ஊரில், எல்லோருக்கும் இருந்த ஒரே வானம் அது.

உலகம்மைக்கு அந்த விளையாட்டை நடத்தும் நிர்வாகத்தில் வேலை. வேட்கைப் பதிவர் என்று பதவிக்குப் பெயர். ரசிகர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி, அதைச் செய்யவைக்க வேண்டும். வைக்கோல் செருப்பு சேற்றில் சிக்கி உருவும் சத்தம் வேண்டும் என்றார்கள், வந்தது. தலைக்கவசத்தின் கொம்பு நூறு வருஷம் பிந்தியது என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள், மாற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள் புகழ்வார்கள். மூன்றாம் நாள், "எல்லாம் சரிதான், ஆனா ஒரு இது இல்லையே" என்பார்கள். அந்த 'இது' என்ன என்பதுதான் எட்டு வருஷமாக அவளுக்குத் தலைவலி.

கடைசியில் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவர் துரைச்சாமி. பிராணவாயு ஆலையில் குழாய் பொருத்துபவர். சாமுராய் ரசிகர் மன்றத்தின் தலைவர்.

"ஒத்தை உயிரு, தாயி. செத்தா செத்ததுதான். திரும்ப உள்ள வரவே கூடாது. நானும் நாலாயிரம் தடவ செத்துட்டேன், ஒரு தடவையாவது நெஞ்சு திக்குனு அடிச்சிருக்கா? இது ஒரு வீரமா?"

"செத்ததும் செவிமணியப் பூட்டி முத்திரை வச்சிருவாங்க, அப்புறம் அந்த வானத்த நீங்க பாக்கவே முடியாது. நல்லா யோசிச்சுக்கோங்க அண்ணாச்சி."

"உயிருக்குப் பயந்தவன் எதுக்கு சாமுராய் ஆவணும்? பதினோராயிரம் பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். தென்குழிக்காரங்களும் சரின்னுட்டாங்க."

நிர்வாகம் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டது.

புது விதி தொடங்கிய காலையில் உலகம்மையும் பார்வையாளராக உள்ளே போயிருந்தாள். ஆற்றுப் பாலத்தின் இரு முனையிலும் இரண்டு படைகள். இக்கரையில் முதல் ஆளாகத் துரைச்சாமி. வாள்பிடியில் கை இருந்தது. வாள் வெளியே வரவில்லை. எதிரில் நின்ற தென்குழித் தலைவர் மெல்லக் குனிந்து வணங்கினார். துரைச்சாமி அவரைவிடத் தாழக் குனிந்தார்.

"நீங்க முதல்ல வாங்க."

"ஐயோ, மூத்தவரு இருக்கையில நான் வரலாமா? நீங்க வாங்க."

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. மரியாதையில் யாரும் யாருக்கும் குறையவில்லை. அன்றைக்கு ஒருவர்கூடச் சாகாமல் எல்லோரும் பல் விளக்கப் போனார்கள்.

அடுத்த வாரம் வாளை உறையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள், தவறி உருவிவிடக் கூடாதென்று. குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். ஆற்றுப் பக்கம் போவதற்கே ஆளில்லை.

மூன்றாவது வாரம் மரியதாஸ் செத்தார். பாசித்தொட்டியில் வேலை பார்க்கும் சாதுவான மனிதர். சண்டை ஒன்றுமில்லை, பூத்திருந்த மரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமென்று மலைக்கோயில் படியேறியவர், ஈரத்தில் வழுக்கித் தலைகுப்புற விழுந்தார். அவருடைய செவிமணி அத்தோடு அடங்கிவிட்டது.

உலகம்மையும் துரைச்சாமியும் அவர் அறைக்குப் போனார்கள். மரியதாஸ் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "அங்க மழை பெய்யுதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"லேசா தூறுது" என்று சொல்லிவிட்டுத் துரைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

 இனி மன்றத்துக்காரர்களே வந்து விதியை எடுக்கச் சொல்வார்கள் என்று உலகம்மை நம்பினாள். மரியதாஸின் முத்திரையை நீக்குவதற்கான உத்தரவையும் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மன்றத்தின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி.

நான்காம் நாள் துரைச்சாமி இரண்டாவது மனுவோடு வந்தார். உலகம்மை ஆசையாய் வாங்கிப் பிரித்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"புதுப்பொருநைக்காரங்களுக்குப் பழையபடி எத்தனை உயிர் வேணும்னாலும். தென்குழிக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு. அதான?"

"அதான் தாயி. எதிராளி நெசமாவே உயிருக்குப் பயந்து நின்னாத்தான் சண்டை சூடுபிடிக்கும். அந்த 'இது' அதுலதான் இருக்கு. இப்பத்தான் எங்களுக்கு வெளங்கிச்சு."

"மரியதாஸ் பேரு இதுல இல்லையே அண்ணாச்சி?"

துரைச்சாமி கொஞ்சம் தயங்கினார். "பாவம்தான். ஆனா ஒருத்தனுக்காக விதியத் தளர்த்தினா ஆட்டத்துக்கு என்ன மதிப்பு?"

உலகம்மை மேசையில் இருந்த இன்னொரு மனுவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அது தென்குழி மன்றத்திலிருந்து காலையில் வந்தது. அதிலும் அதே கோரிக்கைதான்; குடியிருப்புகளின் பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

துரைச்சாமி விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். முகம் சிவந்தது.

"எம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்தியா தாயி இவனுகளுக்கு! அப்ப நாங்கல்லாம் என்ன, மனுசங்க இல்லையா?"

எழுந்து வாசல் வரைக்கும் போனவர் அங்கிருந்து திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும் எங்க மனுவ முதல்ல பதிஞ்சிரு."