ஏழு மணிக்குப் பேசுகிறவள்

அன்றைக்கு ரேடியோவில் டொசிந்தாவின் புருஷன் அமாரோவுக்குப் பதில் சொன்னது ஒரு பெண்.

டொசிந்தா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஏழு மணியானால் புரேலா ஊரில் மீன்பிடிக்கிறவர்கள் வீட்டு அடுப்படிகளில் எல்லாம் இந்த இரைச்சல்தான். வடக்கே கிரான் சோல் கடலில் மெர்லூசா மீனுக்கு ஆயிரங்கால் தூண்டில் போடும் படகுகள் ஒன்றோடொன்று பேசும். காற்று எப்படி, ஐஸ் மிச்சமிருக்கிறதா, எத்தனை பெட்டி என்று. பெண்கள் அந்தக் கரகரப்புக்கு நடுவில் தங்கள் ஆளின் குரலைத் தேடுவார்கள். கேட்கலாம். பேச முடியாது. பேசுகிற கருவி படகுகளிலும் முதலாளி ஆபீஸிலும்தான் உண்டு. மாதக்கணக்கில் புருஷன் அலையில் கிடப்பான், பெண்டாட்டி ஒரு பெட்டிமுன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு ஒதுக்கியது அவ்வளவுதான்.

"குளிருதா உனக்கு? நெஞ்சு வலி குறைஞ்சுதா?" என்றது அந்தக் குரல், தாழ்ந்து, இழைந்து.

அமாரோவுக்கு நெஞ்சு வலி என்பதே டொசிந்தாவுக்குத் தெரியாது. அவன் சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அப்படிச் சிரித்ததில்லை. புயலுக்கு ஒதுங்கும் அயர்லாந்துத் துறைமுகத்தில் எவளையோ பிடித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பேச்சு அயர்லாந்துப் பேச்சில்லை, இந்த ஊர்ப் பேச்சு. கத்தி விரலில் இறங்கியது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் ஏலக்கூடத்தில், ஐஸில் விறைத்த மீன்களை அளவு பார்த்துப் பிரித்துப் போடும்போது, கூட வேலை செய்யும் பல்பீனா இடுப்பில் இடித்தாள். அவள் புருஷனும் அதே படகில்தான், எஞ்சின் பார்க்கிறான்.

"ஏண்டி, பேசற கருவி எங்க வாங்கின? நேத்து ஊரே கேட்டுச்சு. உன் வாய்லயா இவ்வளவு தேனு?"

"நான் பேசல."

"உன் குரல் எங்களுக்குத் தெரியாதா? என் ஆளு வந்தா நாலு வார்த்தை எனக்கும் சொல்லிக்குடு."

கூடம் முழுக்கச் சிரித்தது. டொசிந்தா கையிலிருந்த மீனின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பேச்சைக் கேட்கவில்லை, பேச்சுக்குப் பின்னாலிருந்த சத்தங்களைக் கேட்டாள். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. விளிம்பு நெளிந்த மூடி ஒன்று கொதிக்கும் பானைமேல் தடதடத்தது. அவள் வீட்டுக் குழாய், அவள் வீட்டு மூடி. எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். பானை அடங்கியது. ரேடியோவில் மூடி ஆடிக்கொண்டே இருந்தது.

"அடுப்படியிலதான் இருக்கேன். சூப் கொதிக்குது," என்றாள் ரேடியோவில் பேசியவள்.

"இத்தனை வருஷம் நீ ஏன் இப்படிப் பேசல?" என்றான் அமாரோ.

பயம்கூட அப்புறம்தான். முதலில் தைத்தது அந்தக் கேள்விதான். அவன் வந்து இறங்கும்போதெல்லாம் டொசிந்தா என்ன சொல்லியிருக்கிறாள்? கூரை ஒழுகுகிறது, உன் அம்மா சண்டை போட்டாள், பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வா. கண்ணாடிமுன் நின்று, குளிருதா உனக்கு, என்று சொல்லிப்பார்த்தாள். மீன் விலை கேட்பதுபோல் இருந்தது. திரும்ப வந்து பெட்டியின் வலைத்துணியில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அவன் என் புருஷன்டி."

இரைச்சல் நின்றது. படகுகள், காற்று, எல்லாம் நின்றது.

"தெரியும்," என்றது ரேடியோவிலிருந்து அவள் குரலே, அவளிடம். "பேசாம கேளு."

படகு வந்த அன்று பகலிலேயே மூடுபனி. கரையில் டீசல் வாடையும் மீன் வாடையும் ஈரமாய் ஒட்டியிருந்தன. முதல் ஆளாய் நிற்க வேண்டும், அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும், அந்த வார்த்தைகளை இவளே சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள். அமாரோ இறங்கினான். தோளில் பை, வீட்டுக்கென்று எடுத்துவைத்த மெர்லூசா ஒன்று செவுளில் விரல் கோத்துத் தொங்கியது.

"அமாரோ. குளிருதா உனக்கு?"

அவன் நின்றான். ஏதோ கரகரப்பு விழுந்ததுபோல் காதைக் குடைந்தான். அவள் நின்ற பக்கம் பனியைத்தான் பார்த்தான்.

"உன் பெண்டாட்டி வரலியா?" என்றாள் பல்பீனா, டொசிந்தாவின் தோளை உரசி நின்றுகொண்டு.

"வீட்டுல இருக்கேன்னு ரேடியோல சொன்னா. எண்ணெய் காயுதாம்."

நடந்தான். டொசிந்தா ஓடினாள். கல் பாவிய மேட்டில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவள் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவனைத் தொட்டாள். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான், அவ்வளவுதான். கதவு திறந்தது. உள்ளிருந்து பூண்டு வதங்கும் வாசனை. கதவு மூடியது.

ஜன்னல்.

மஞ்சள் வெளிச்சம். நாற்காலியில் அமாரோ, பூட்ஸைக்கூடக் கழற்றாமல். பலகைமேல் மீன். அதை வெட்டும் முதுகு. டொசிந்தாவின் ஏப்ரன், அவள் கொண்டை, கழுத்தில் அவள் மச்சம். விரலில் அதே காயத்துக்குத் துணி.

டொசிந்தா கண்ணாடியை அறைந்தாள். கத்தினாள். அவன் பெயரைச் சொல்லி. திரும்பத் திரும்ப.

மேசைமேல் ரேடியோ கரகரத்தது. அமாரோ முகம் சுளித்தான்.

வெட்டிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் நீட்டி, குமிழைப் பிடித்து, மெல்லத் திருகினாள்.

வெளியே, டொசிந்தாவின் குரல் குறைந்தது.