இருபத்து நாலு தக்காளிச் செடிகளின் சாவு

திங்கட்கிழமை காலை 7.40. மூன்றாம் அறையின் கதவைத் திறந்த இயக்குநர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேசைமேல் இருபத்து நாலு தொட்டிகள். இருபத்து நாலிலும் தக்காளிச் செடி செத்துக் கிடந்தது. இலைகள் சுருண்டிருந்தன. தண்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. மண் வறண்டு, தொட்டியின் ஓரத்தை விட்டு விரல் அகலம் விலகியிருந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் எண் எழுதிய வெள்ளைப் பட்டை மட்டும் ஒழுங்காகக் குத்தி நின்றது.

வறட்சியைத் தாங்கும் புது ரகம் அது. ஆறு வருஷ உழைப்பு. இருந்த விதை முழுவதையும் போட்டு வளர்த்த செடிகள் இவை; இவை காய்த்தால்தான் அடுத்த விதை கிடைக்கும்; வேறெங்கும் ஒரு விதைகூடக் கிடையாது.

8.05. ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த அத்தனை பேரையும் நடைக்கூடத்தில் வரவழைத்தார் இயக்குநர். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாளை நடுவில் நிறுத்தினார்.

"சனி, ஞாயிறு தண்ணி ஊத்த உன்னைத்தானே போட்டிருக்கு? ரெண்டு நாள் வீட்டுல கால நீட்டிப் படுத்துட்டியா?"

"ரெண்டு நாளும் வந்து ஊத்தினேன் சார்."

"ஊத்தின லட்சணம் தெரியுது. போலீசைக் கூப்பிட்டாத்தான் உண்மை வரும். நீ ஒழுங்கா பாத்திருந்தா இதுங்க உயிரோட இருந்திருக்கும்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருத்திக்கு அந்தக் கடைசி வரி நெஞ்சில் தைத்தது. நுண்ணோக்கி அறையில் இருபது வருஷமாக இலையையும் வேரையும் சீவிப் பார்க்கிறவள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். நடுவில் தலைகுனிந்து நின்ற அம்மாள் அவளுக்கு அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் இறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பூதக்கண்ணாடி அதே வரியைத்தான் கத்தினாள். நீங்க ஒழுங்கா பாத்திருந்தா எங்க அண்ணன் உயிரோட இருந்திருப்பான். அன்றிலிருந்து ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

"போலீஸ் எல்லாம் வேணாம் சார், பாவம்," என்று குறுக்கே வந்தான் உதவி விஞ்ஞானி. கசங்காத சட்டை, தேன் தடவிய குரல். "கவனக்குறைவுன்னு எழுதி வாங்கிட்டு அனுப்பிடலாம்." எழுதிய தாளைத் தயாராகவே வைத்திருந்தான். அதை நீட்டிய விரல்களின் நக இடுக்கில் கரும்பச்சையாக அழுக்கு.

"மூணு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். இல்லேன்னா போலீஸ்தான்," என்றார் இயக்குநர்.

"மூணு மணி வரைக்கும் அந்தச் செடியை நான் பாக்கணும் சார்," என்றாள் பூதக்கண்ணாடி.

"செத்த செடியில என்ன பாக்கப்போற?"

"போன மாசம் ஒன்பது நாள் தண்ணியில்லாம நின்ன செடி, ரெண்டு நாள்ல எப்படிச் செத்துச்சுன்னு பாக்கப்போறேன்."

இயக்குநர் தலையசைத்தார். அந்தக் கேள்வி அவருக்கே வந்திருக்க வேண்டியது.

9.10. மூன்றாம் அறை. பூதக்கண்ணாடி செடிகளைப் பார்த்தபடி கேட்டாள். அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"நேத்து எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எட்டரை."

"செடி எப்படி இருந்துச்சு?"

"எப்பவும்போல. குட்டையா, கெட்டியா."

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஆளுக்கு அரைக் குவளை. அதான் பெரியவர் போட்ட அளவு. அதுக்கு மேல ஊத்தக் கூடாதாமே."

"அப்புறம்?"

"தொட்டி ஒவ்வொண்ணையும் கால் வட்டம் திருப்பி வெச்சேன். பூட்டிட்டுப் போனேன்."

"எதுக்குத் திருப்பினீங்க?"

"தினமும் திருப்புவேன். இல்லேன்னா வெளிச்சம் வர்ற பக்கமே சாஞ்சு வளரும்."

"யார் திருப்பச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கும் கண்ணு இருக்கு." அண்ணியின் குரல் இறுகியது. "நான் எதையும் பாத்துக்க மாட்டேன்னுதான் உங்க எல்லாருக்கும் நெனப்பு."

பூதக்கண்ணாடி முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து தண்டுகளின் அடிப்பாகத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. பெரியவர்கிட்ட. அந்தத் தேன்குழல்கிட்ட."

10.30. நுண்ணோக்கி அறை. ஓரளவு முழுசாக இருந்த இலைகளை ஊறவைத்துத் துடைத்து, நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு உரித்தாள். இலையின் தோல் அப்படியே அச்சாக வந்தது. பக்கத்திலேயே மூன்றாம் அறைச் செடிகளிலிருந்து மூன்று வாரத்துக்கு முன் அவளே எடுத்துவைத்த அச்சு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்று தரம் எண்ணினாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

11.45. கட்டடத்தின் பின்புறம் பயிற்சி மாணவர்களுக்காக நாற்று வளர்க்கும் நிழல்கூடம். மூன்று பக்கமும் சுவர். ஒரு பக்கத்திலிருந்துதான் வெளிச்சம். கடைக்கோடித் தட்டில் படிந்திருந்த தூசியில் வட்ட வட்டமாகச் சுத்தமான தடங்கள். எண்ணிப் பார்க்காமலே அவளுக்கு எண்ணிக்கை தெரியும். இருந்தும் எண்ணினாள்.

12.10. வாசல் காவலாளி.

"நேத்து யார் வந்தா?"

"காலையில உங்க அண்ணி. மத்தியானம் சின்ன சார், வேன்ல. ஏதோ உடைஞ்ச தொட்டியெல்லாம் அள்ளிட்டுப் போறேன்னார்."

"உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

"பெரிய படிப்பு படிச்சவரை நான் என்னத்தம்மா எட்டிப் பாக்கறது?"

2.30. அதே நடைக்கூடம், அதே கூட்டம். தாளும் பேனாவும் தயாராக மேசைமேல் இருந்தன.

"இந்தச் செடிங்க தண்ணியில்லாமத்தான் செத்துச்சு," என்றாள் பூதக்கண்ணாடி.

உதவி விஞ்ஞானி அண்ணியைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினான்.

"ஆனா இது நம்ம செடி இல்ல."

இலை அச்சு இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"இலைத்தோல்ல குட்டிக் குட்டி வாய் இருக்கு. செடி மூச்சுவிடறதும் தண்ணியை வெளிய விடறதும் அது வழியாத்தான். தண்ணி குறைஞ்சா செடி தனக்குள்ளேயே ஒரு சுரப்பைச் சுரந்து தகவல் அனுப்பும். வாயோட ரெண்டு பக்கமும் காவல் நிக்கிற செல் தளர்ந்துபோய் வாய் மூடிக்கும். அது அப்போதைக்குச் செய்யற காரியம். ஆனா குட்டியிலேர்ந்தே பட்டினி போட்டு வளர்த்த செடியில, புதுசா விரியற இலையே வேற மாதிரி இருக்கும். செல் சின்னதாகும். வாய் சின்னதாகி நெருக்கமா வரும். மேல மெழுகு தடிமனாகும். நம்ம செடி அப்படித்தான் இருந்துச்சு. அச்சு என்கிட்ட இருக்கு. இதுல செல் எல்லாம் பெருசு. வாயோட எண்ணிக்கை அதுல பாதிதான். வயிறார தண்ணி குடிச்சு நிழல்ல வளர்ந்த செடி, சார்."

"வறட்சியில இலை மாறியிருக்கலாமே மேடம்," என்றான் உதவி விஞ்ஞானி.

"வாய் மூடும், திறக்கும். விரிஞ்ச இலையில எண்ணிக்கை மாறாது. ரெண்டு நாள்ல மாறும்னு உங்களுக்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக்குடுத்தான்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இதுங்க நிழல்கூடத்துச் செடி. ரெண்டு வாரமாவது காயப்போட்டுக் கொன்னிருக்காங்க, அதான் மண்ணு இப்படி விலகியிருக்கு. நேத்து மத்தியானம் இதுங்களை இங்க வெச்சு, பட்டையை மாத்திக் குத்திட்டு, உயிரோட இருந்ததை அள்ளிட்டுப் போயிருக்காங்க. செத்ததை யாரும் தேட மாட்டாங்க இல்ல? எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கார். ஒண்ணே ஒண்ணு அவருக்குத் தெரியல. எங்க அண்ணி தினமும் தொட்டியைத் திருப்பி வெப்பாங்க. அவங்க வளர்த்த செடி நேரா நிக்கும். இது இருபத்து நாலும் அடித்தண்டுலேர்ந்தே ஒரே பக்கம் வளைஞ்சிருக்கு. செடியைக் கம்ப்யூட்டர்ல மட்டும் பாக்கறவருக்கு அது எப்படித் தெரியும்?"

"யாரைச் சொல்றீங்க?" தேன் வற்றிப்போயிருந்தது.

"கையைக் கழுவுங்க."

"என்ன?"

"அங்க குழாயடியில வெள்ளைத் தொட்டி இருக்கு. சோப்பு இருக்கு. கழுவுங்க."

அவன் அசையவில்லை. இயக்குநர் ஒரு அடி முன்னால் வந்தார். "கழுவுப்பா."

பூதக்கண்ணாடி முதலில் தன் கையைக் கழுவினாள். "காலையிலேர்ந்து செத்த செடி இருபத்து நாலையும் நான்தான் தடவிட்டு இருக்கேன். பாருங்க." நுரை வெள்ளையாக ஓடியது.

அவன் கழுவினான். நகக் கரும்பச்சை கரைந்து, வெள்ளைத் தொட்டியில் மஞ்சளாக வழிந்தது.

"தக்காளிச் செடி மேல இருக்கிற பொடி ரோமத்து நுனியில சின்னச் சின்னப் பை இருக்கும். பூச்சியைத் தடுக்க அது வெச்சிருக்கிற ஆயுதம். தொட்டா உடைஞ்சு கையில ஒட்டிக்கும், கறுக்கும், சோப்பு பட்டா மஞ்சளாகும். உயிரோட இருக்கிற செடியைத்தான் நீங்க தொட்டிருக்கீங்க. இன்னிக்குக் காலையில, இங்க வர்றதுக்கு முன்னாடி. எங்க சார் வெச்சிருக்கீங்க?"

அவன் குழாயை மூடினான்.

"வீட்டு மாடியில," என்றான் அவன். "இங்க இருந்தா அது ஃபைலுக்குள்ளேயே மக்கிப்போகும். வெளிய ஒரு கம்பெனி எடுத்துக்கறேன்னாங்க. பத்திரமாத்தான் வெச்சிருக்கேன். ஒரு செடிக்கும் சேதமில்ல."

"செடிக்குச் சேதமில்ல. இவங்களுக்கு?" பூதக்கண்ணாடி அண்ணியைக் காட்டினாள். "உங்க செடி பொழைக்கறதுக்கு இவங்க மானம்தான் கிடைச்சுதா?"

இயக்குநர் காவலாளியைக் கூப்பிட்டு அவனைத் தம் அறையில் உட்காரவைக்கச் சொன்னார். பிறகு அண்ணியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காத. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடு."

அண்ணி நகரவில்லை. "காலையில எல்லாரும் கேக்கத்தானே சார் சொன்னீங்க? இதை மட்டும் ஏன் என் காதுல சொல்றீங்க?"

இயக்குநரின் முகம் சிவந்தது. கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "இந்தம்மா மேல தப்பு இல்ல. நான்தான் விசாரிக்காம பேசிட்டேன். என்னை மன்னிக்கணும்."

அண்ணி தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். மேசைமேல் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். பூதக்கண்ணாடி அருகில் வந்து, "வாங்க அண்ணி, போகலாம்," என்று கையைப் பிடித்தாள்.

அண்ணி கையை உருவிக்கொண்டாள்.

"அவர் சொல்லிட்டார். நீ?"

பூதக்கண்ணாடி கூட்டத்தைப் பார்த்தாள். "வீட்டுக்கு வந்து..."

"செத்த செடிக்காக காலையிலேர்ந்து உக்காந்து எண்ணினியே. உங்க அண்ணன் போனப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நாலு மாசம் நான் கண்ண மூடல. அது உனக்குத் தெரியுமா?"

கலையத் தொடங்கியிருந்த கூட்டம் நின்றது. பூதக்கண்ணாடி கீழே பார்த்தபடி முணுமுணுத்தாள். "நீங்க அண்ணனை நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."

"அன்னிக்கு வராந்தா முழுக்கக் கேட்டுச்சு," என்றாள் அண்ணி. "இது எனக்கே கேக்கல."

பூதக்கண்ணாடி நிமிர்ந்தாள். அத்தனை முகங்களுக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொன்னாள்.