அலை: இல்லை

"ஏட்டி பிரமு, கூசாம பாக்க முடியுமா? அத மட்டும் சொல்லு."

நாற்காலியில் ஏறிப் பரணைத் துழாவிக்கொண்டிருந்த பிரமநாயகி, கீழே நின்ற அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"முடியும் மைனி. அந்தப் பழைய பெட்டி கெடச்சாப் போதும்."

"அவுக மொகத்தப் பாத்து நான் தலையக் குனியப்பிடாது. அப்படின்னா நான் பாக்காமலே இருந்துட்டுப் போறேன்" என்றாள் உலகம்மாள்.

அவள் அஞ்சியது நாணப்பூட்டுக்கு. படத்தைத் திருடாமலிருக்க எண்களால் போட்ட பூட்டு ஒவ்வொன்றையும் ஒரே வாரத்தில் யாராவது உடைத்துக்கொண்டிருந்தார்கள். சலித்துப்போன நிறுவனங்கள் படத்தைப் பூட்டுவதை விட்டுவிட்டுப் பார்ப்பவரைப் பூட்டின. படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துடிப்பு ஓடும்; நாண அலை என்பார்கள். திருடும்போது கையும் களவுமாக அகப்பட்டோம் என்று மூளை அதை எடுத்துக்கொள்ளும். கழுத்து சுடும், தலை தானாகக் குனியும். நிறுவனம் தரும் அனுமதிப் பெட்டிக்குள் நகமளவில் ஒரு சில்லு உண்டு. திறவி என்று பெயர். பதிவு செய்த வீட்டாருக்கு மட்டும் அது அலையைத் தடுத்துவிடும். ஒழுங்காகச் சந்தா கட்டியவர்கள்கூட வேறு செயலியில் பார்த்தால் கூசத்தான் செய்யும். அணைத்தால் மூன்று மூச்சில் அடங்கிவிடும்.

இதனால் ஊரில் புதிதாக ஒரு மரியாதை வந்திருந்தது. யாராவது தலையைக் குனிந்தால், பக்கத்தில் இருப்பவர் "அலைதான்" என்று சொல்லி டி.வி.யை அணைத்துவிட வேண்டும். மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. சம்பந்தி வீட்டில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவருக்கும் அலைதான். டி.வி.யே இல்லாத கல்யாண மண்டபத்திலும், பக்கத்துத் தெருவில் ஏதோ ஓடுகிறதாக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

"கெடச்சிட்டு" என்று பிரமநாயகி இறங்கினாள். பெட்டியின் கம்பிகளை எலி கடித்துக் குதறியிருந்தது. உள்ளே திறவி பழுதில்லாமல் இருந்தது.

"இந்தப் பெட்டிய நீதானட்டி கழத்திப் போட்ட? 'மூடுன சாமான் வீட்டுக்குள்ள எதுக்கு, அது நம்மளப் பாக்குதா வேவு பாக்குதான்னு தெரியாது'ன்னு என்ன பேச்சுப் பேசுன."

"இப்பமும் அதத்தான் சொல்லுதேன்."

"சொல்லிக்கிட்டே அதையே நோண்டுத."

பிரமநாயகி சிரித்துவைத்தாள். யாரும் உள்ளே பார்த்துத் திருத்தக்கூடிய, 'வெட்டவெளி' என்கிற படம் காட்டும் திறந்த செயலியை இருபது ஆண்டுகளாக வளர்த்துவந்தவர்களில் அவளும் ஒருத்தி. அவர்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. நிறுவனங்கள் மூடிவைத்த எதையும் வெட்டவெளிக்குள் சேர்க்கக் கூடாது என்பது ஒன்று. என்ன ஓடுகிறது, யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதைத் திரையின் அடியில் எப்போதும் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது சட்டம் அவள் கொண்டுவந்தது. ஐந்தாறு நாடுகளில் அவள் பெயரை மதிப்போடு சொல்வார்கள்.

அண்ணன் சங்கரபாண்டி பஸ் கண்டக்டர். ஓய்வு பெறும் வருடத்தில் அவர் ஓடிய பஸ்ஸில் ஒரு தொடருக்குப் படம் பிடித்தார்கள். கண்டக்டர் வேஷத்துக்கு ஆள் வராததால் அவரையே நிற்க வைத்தார்கள். மொத்தம் நாலு நிமிஷம். தொடர் வெளியானபோது அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வார்டு டி.வி.யில் வெட்டவெளிதான் இருந்தது.

"பிரமு, எனக்கு ஒண்ணு தோணுது" என்றாள் உலகம்மாள். "அவுக ஆஸ்பத்திரில கெடந்து, 'ஒரு தடவ போட்டுக் காட்டும்மா'ன்னு எத்தன நாளு கேட்டாவ. முடியாது, கூசும்னு சொன்னியே. இப்பம் மட்டும் எப்படி முடியுது?"

பிரமநாயகி திறவியை, வெட்டவெளி ஓடும் டி.வி.யின் பின்பக்கத்தில் பொருத்திக்கொண்டே சொன்னாள்.

"அப்பம் வழி தெரியாது மைனி. இப்பந்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"அப்படியா. அவுகளுக்குக் குடுத்து வைக்கல."

படம் ஓடத் தொடங்கியது. மழை பெய்கிற சாலை. பஸ் வந்து நின்றது. படிக்கட்டில் சங்கரபாண்டி, தோளில் பை, காதில் பேனா.

"அட, அந்தச் சட்ட! காலரு நைஞ்சிட்டு, போடாதீகன்னு சொன்னேன். கேட்டாகளா?" உலகம்மாள் முகத்தை நிமிர்த்தி, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "வயித்த எக்கிக்கிட்டு நிக்கத பாரு!"

பிரமநாயகிக்குக் கழுத்து சுட்டது. காது மடல் எரிந்தது. அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"மைனி, அலை அடிக்குது. திறவி சரியாப் பொருந்தல போல. அணைச்சிருவோமா?"

"எனக்கு ஒண்ணும் கூசலியேட்டி."

"இல்ல, அடிக்குது. எனக்குத் தெரியுது."

"நீயும் இந்த வீட்டுப் பதிவுலதானே இருக்க? இரு, கீழ என்னமோ எழுதியிருக்கு." உலகம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். "நாண அலை: இல்லை. திறவி: இயங்குகிறது. இணைப்பு எழுதியவர்: பிரமநாயகி..." திரும்பிப் பார்க்காமல் தொடர்ந்தாள். "எழுதிய நாள்: மூன்று ஆண்டுகளுக்கு முன், தை மாதம்."

திறவியை வெட்டவெளியோடு சேர்க்கும் அந்த இணைப்பை அப்போதே எழுதியதும் சோதித்ததும் உண்மைதான். வேலை செய்தது. பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தப் பத்து நிமிஷம் போதும். வெளியே தெரிந்தால் சட்டத்தை மீறியவள் என்று கூட்டாளிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்று, எவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்தாள். இன்று அதை ஏற்றியபோது, அடியில் அந்த வரி வரும் என்பது நினைவிலேயே இல்லை.

"உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு" என்றார் திரையில் சங்கரபாண்டி.

"அவுக போனது போன புரட்டாசி" என்றாள் உலகம்மாள்.

"ஆமா மைனி."

உலகம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிரமநாயகியின் குனிந்த உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்தாள்.

"அலைதாம்ட்டி" என்று சொல்லி டி.வி.யை அணைத்தாள்.

அவள் நாலு நிமிஷத்தில் இன்னும் பாதிகூடப் பார்க்கவில்லை.

ஒரு மூச்சு போயிற்று. இரண்டு. மூன்று. வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள்.

"அடங்கிட்டா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"இல்ல மைனி."