ஆறு மணல்மூட்டையும் இரண்டு முகப்பு விளக்கும்

ஆர்லன் டால்பெர்க் எதைப் பழுது பார்த்தாலும் கடைசியில் ஒரு திருகாணி மீந்துவிடும்.

ரொட்டி வாட்டும் கருவியைச் சரிசெய்தார். ஒன்று மீந்தது. அதன்பின் வாட்டிய ரொட்டி மேலே குதிக்காமல் பக்கவாட்டில் குதித்தது. பூனை அதை அந்தரத்திலேயே பிடிக்கப் பழகிக்கொண்டது. துணி துவைக்கும் இயந்திரத்தைச் சரிசெய்தார். இரண்டு மீந்தன. அது துவைத்துக்கொண்டே நடந்து சமையலறை வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும்.

மீந்த திருகாணிகளை அவர் காப்பித்தூள் டப்பாவில் போட்டுவைத்தார். இப்போது மூன்றாவது டப்பா நடக்கிறது.

ஆகவே, "காருக்கு நானே புது முகப்பு விளக்கு மாட்டப்போறேன்" என்று அவர் சொன்னபோது வீட்டில் யாரும் கைதட்டவில்லை. அவருடைய மனைவி மாரிட் டப்பாவைப் பார்த்தாள். ஐந்து வயது நீல்ஸ் பூனையைப் பார்த்தான். பதினொரு வயது பிரிட்டா மட்டும், "நான் டார்ச் பிடிக்கிறேன்ப்பா" என்றாள்.

அவளுக்கு அந்த விளக்கு அவசியம் வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அறுபது மைல் தள்ளி வாரன் க்ரீக்கில் ஐஸ் ஹாக்கிப் போட்டி. லூன் லேக் சிறுமியர் அணியில் கோல் காப்பவள் பிரிட்டா ஒருத்திதான். மற்றவர்கள் காரில் தொற்றிக்கொண்டு போகலாம் என்றால், கோல் காப்பவளின் பை ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். கன்றுக்குட்டிக்கு எந்தக் காரிலும் இடமில்லை.

மின்னசோட்டாவில் டிசம்பர் மாதச் சூரியன் எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கும். அதுவரை சாலை மான்களுக்குச் சொந்தம். டால்பெர்க் வீட்டு நீலக் காரின் பழைய விளக்குகளோ மஞ்சளேறி மங்கிப்போயிருந்தன. அவை எரிகின்றனவா என்று தெரிந்துகொள்ளவே இன்னொரு விளக்கு அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"இந்தக் கண்ணு தெரியாத காரை நம்பி என் பிள்ளைய இருட்டுல அனுப்ப மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா ஒரு முறைதான் சொல்வாள்.

வேலை ஒரு வாரம் முன்னதாகவே, சனிக்கிழமை காலையில் தொடங்கியது. பெட்டியோடு வந்த தாளில் 'இரண்டு மணி நேரம்' என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு எட்டு மணி நேரம் ஆனது. தாளில் இருந்த பதினாறு விதிகளையும் அவர் சட்டம்போல் பின்பற்றினார். முதல் விதி, பேட்டரி இணைப்பைக் கழற்று. கழற்றினார். நான்காம் விதி, பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதே. கையுறை மாட்டிக்கொண்டார். கையுறையோடு மூக்கைச் சொறிந்ததால் புதிதாக வேறு கையுறை மாட்டினார்.

பதினொன்றாம் விதி முக்கியமானது. விளக்கின் உயரத்தைச் சரிபார்க்கும்போது டிக்கி காலியாக இருக்க வேண்டும்.

டிக்கியில் ஆறு மணல்மூட்டைகள் இருந்தன. அந்த ஊரில் முதல் பனி விழுந்ததும் எல்லோரும் செய்வதுதான். பின்னால் கனம் இருந்தால் சக்கரம் பனியில் வழுக்காது. மூட்டை ஒவ்வொன்றும் அறுபது பவுண்டு. அப்பா ஆறையும் இறக்கினார். காரேஜ் கதவுக்கு நேராக இருபத்தைந்து அடி தள்ளிக் காரை நிறுத்தினார். கதவில் நீல நிற டேப் ஒட்டி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த டேப்பில் வந்து படியும்வரை விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருகினார். மயிரிழை பிசகவில்லை.

பிறகு ஆறு மூட்டைகளையும் திரும்ப ஏற்றினார். ஒரு திருகாணிகூட மீந்துபோகவில்லை.

"அம்மாகிட்ட சொல்லு, பிரிட்டா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பிரிட்டாவை ஹாக்கிப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். எதிரே வந்த முதல் கார் தன் விளக்கை இரண்டு முறை பளிச் பளிச்சென்று அடித்தது.

"பார்த்தியா?" என்றார் அப்பா. "பாராட்டுறாங்க." அவர் கையை உயர்த்தி நன்றி சொன்னார்.

இரண்டாவது காரும் அடித்தது. மூன்றாவதாக வந்த லாரி நான்கு முறை அடித்தது. அப்பா நான்கு முறை கையை உயர்த்தினார். வீடு திரும்புவதற்குள் அவருக்குத் தோள் வலி வந்துவிட்டது.

இதில் லூன் லேக் ஊர்க்காரர்கள் பேரிலும் கொஞ்சம் தப்பு உண்டு. அந்த ஊரில் யாரும் யாரையும் நேருக்கு நேர் குறை சொல்ல மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும், "உங்க வீடு இன்னைக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கும்போல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆகவே தபால் நிலையத்தில் ஒருவர் அப்பாவிடம், "உங்க புது லைட்டு... வித்தியாசமா இருக்கு" என்றார். மளிகைக் கடையில் ஒருத்தி, "உங்க கார் வர்றது நல்லாத் தெரியுது. ரொம்ப முன்னாடியே தெரியுது" என்றாள். அப்பா இருவருக்கும் நன்றி சொன்னார்.

செவ்வாய்க்கிழமைக்குள் நிலைமை முற்றிவிட்டது. ஏரிக்கரைப் பண்ணையில் சேவல் மாலை ஆறு மணிக்குக் கூவியது. கோழிகள் அவசரமாக எழுந்து இன்னொரு முட்டை இட்டன. எதிர்வீட்டு டுவெய்ன் ஸ்டென்சன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அவர் காலை ஆறரை மணிக் கும்மிருட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேருந்தை எடுத்தார். பிள்ளைகள் கேட்டதற்கு, "ஒரு அழகுக்குத்தான்" என்றார்.

புதன்கிழமை அம்மா காரில் ஏறினாள். போகும் வழியில் ஒன்பது பேர் விளக்கடித்தார்கள். ஒன்பதாவது ஆள் கண் கூசி, சாலையோரப் பனிக்குவியலில் மெல்லப் போய் நின்றார்.

அம்மா பக்கத்து மாநிலமான அயோவாவில் பிறந்தவள். அங்கே கொஞ்சம் நேராகப் பேசுவார்கள்.

"ஆர்லன், அவங்க பாராட்டல. அவங்களுக்குக் கண்ணு தெரியல."

"டேப்புல சரியா நின்னுச்சே, மாரிட்."

"டேப் என்ன வேணா சொல்லட்டும். எதிர்ல வர்றவன் கண்ணைக் குருடாக்கிட்டு நாம அறுபது மைல் போக முடியாது. இது சரியாகலன்னா சனிக்கிழமை யாரும் எங்கேயும் போகல."

அம்மா ஒரு முறைதான் சொல்வாள். பிரிட்டாவுக்கு அன்று இரவு உணவு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தபோதே இருட்டிவிட்டது. அப்பா மறுபடி எல்லாவற்றையும் செய்தார். ஆறு மூட்டை இறக்கினார். இருபத்தைந்து அடி அளந்தார். விளக்கைப் போட்டார். வெளிச்சம் டேப்பின் மேல் கோடு கிழித்ததுபோல் நின்றது.

"சரியாத்தானே இருக்கு," என்றார். அவர் குரலில் உற்சாகம் இல்லை. "ஒண்ணும் புரியல, பிரிட்டா. எனக்கு எதுவுமே ஒழுங்கா வராதுபோல."

அவர் மூட்டைகளைத் தூக்கி டிக்கியில் போடத் தொடங்கினார். பிரிட்டா கதவோரம் நின்று டேப்பை உரிக்கப்போனாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் அவள் இடுப்பு வரை இருந்தது.

தொம். முதல் மூட்டை. வெளிச்சம் வயிற்றுக்கு வந்தது.

தொம். நெஞ்சுக்கு வந்தது.

தொம். தொம். பிரிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, நில்லுங்க. அந்த மூட்டைய வெளியே எடுங்க."

"இப்பத்தானே வெச்சேன்."

"எடுங்களேன்."

எடுத்தார். வெளிச்சம் மூக்குக்குக் கீழே இறங்கியது.

"இப்போ வைங்க."

வைத்தார். ஏறியது.

"மறுபடி எடுங்க."

"பிரிட்டா, இது பூனைக்குட்டி இல்ல. அறுபது பவுண்டு."

அவர் மூச்சு வாங்கியபடி காரின் பின்னால் சாய்ந்து நின்றார். பின்பாரம் ஏறினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்கிறது. கதவில் ஒரு முழம் ஏறும் வெளிச்சம், தூரத்துச் சாலையில் ஓர் ஆள் உயரம் ஏறிவிடும். பிரிட்டாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. 'அப்பா, அஞ்சு நாளா நீங்க...' என்று தொடங்க வாயைத் திறந்தாள்.

அப்பாவின் தோள் தொங்கிப்போயிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பா, நாம இடம் மாறிக்கலாமா? நீங்க இங்க வந்து டேப்பை உரிங்க. நான் டிக்கியில ஏறி மூட்டைய ஒழுங்கா அடுக்கறேன்."

அப்பா கதவருகே போனார். பிரிட்டா டிக்கியில் ஏறினாள். மூட்டைகளைத் தொடவே இல்லை. இறங்கினாள். ஏறினாள். இறங்கினாள். ஏழாவது முறை ஏறும்போது கதவருகிலிருந்து குரல் வந்தது.

"பிரிட்டா."

"என்னப்பா?"

"அசையாதே. இறங்கு. இல்ல, ஏறு." அப்பாவின் குரல் உயர்ந்தது. "நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்."

"என்னப்பா அது?"

அப்பா ஓடி வந்து, கையை ஆட்டி ஆட்டி, எல்லாவற்றையும் விளக்கினார். பிரிட்டா வாயைப் பிளந்து கேட்டாள். "அப்போ அந்தப் பதினொன்னாம் விதி?" என்றாள்.

"அதை எழுதினவன் பனியே பார்த்திருக்க மாட்டான்," என்றார் அப்பா. "மூட்டைய ஏத்திட்டுத்தான் திருகணும்."

"மூட்டை மட்டும் போதுமாப்பா? சனிக்கிழமை நாங்களும்தானே ஏறுவோம்."

அப்பா அவளை வியப்போடு பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஓடினார்.

கால் மணி நேரத்தில் எல்லோரும் காரில் இருந்தார்கள். முன்னால் அம்மா. அவள் மடியில், போட்டிக்குப் பின் எல்லோரும் சேர்ந்து சாப்பிட எடுத்துப்போகும் பெரிய கறித் தட்டு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கியது. பின்னால் பிரிட்டா, நீல்ஸ், நடுவில் கன்றுக்குட்டிப் பை. மூட்டை ஆறும் டிக்கியில். ஓட்டுநர் இருக்கை மட்டும் காலி. அப்பா வெளியே திருகு பிடிக்க வேண்டுமே.

"அப்பா ஏறினா இன்னும் மாறுமே," என்றாள் பிரிட்டா.

அந்த நேரம் பார்த்து, டுவெய்ன் ஸ்டென்சன் தன் தபால் பெட்டியைத் திறக்க வந்தார். எதிர்வீட்டில் ஒரு குடும்பமே கோட்டு போட்டுக்கொண்டு, நிற்கும் காரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் வந்தார்.

"கிளம்புறீங்களா?"

"இல்ல," என்றாள் அம்மா.

"ஓ." யோசித்தார். "வீட்டைவிட இது கொஞ்சம் அடக்கமா இருக்கும்."

"அப்படியும் சொல்லலாம்."

அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை. அவர் திரும்பினார். பிரிட்டா கண்ணாடியை இறக்கினாள்.

"மிஸ்டர் டுவெய்ன், உங்க எடை எவ்வளவு?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டுவெய்னிடம் ஐம்பத்தெட்டு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"கோடையிலயா, கிறிஸ்துமஸ் சமயத்துலயா?" என்றார்.

"இப்போ."

"இருநூத்தி நாப்பது. பூட்ஸோட சேர்த்து."

"எங்கப்பாவும் அதேதான். ஒரு பத்து நிமிஷம் அப்பாவா இருக்க முடியுமா?"

டுவெய்ன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்னா இருக்கலாம்."

அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் முனகியது. நீல்ஸ் உடனே, "அப்பா, எனக்கு பிஸ்கட்டு வேணும்" என்றான். டுவெய்ன் சட்டைப் பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

வெளியே அப்பா திருகைத் திருகினார். காரேஜ் கூரைமேல் இருந்த வெளிச்சம் ஜன்னலுக்கு இறங்கியது, கைப்பிடிக்கு இறங்கியது, டேப்பில் வந்து படிந்தது.

"கீழ இறங்கிடுச்சுபோல," என்றார் டுவெய்ன்.

"இவ்வளவு நாளா உங்களுக்குக் கூசிச்சா?" என்று கேட்டாள் பிரிட்டா. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தபால் ஆபீஸ்ல சொன்னேனேம்மா. 'வித்தியாசமா இருக்கு'ன்னு உங்கப்பா முகத்துக்கு நேரா சொன்னேன். அதுக்கு மேல ஒரு மனுஷனை எப்படித் திட்டறது?"

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஏரிச் சாலையில் முதல் லாரி எதிரே வந்தது. காருக்குள் யாரும் மூச்சு விடவில்லை. அப்பாவின் கை பாதி உயர்ந்து நின்றது. லாரி அதுபாட்டுக்குப் போய்விட்டது.

"சரி," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். கறித் தட்டை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தளர்ந்தன.

இருபதாவது மைலில், வெகு தூரத்திலேயே, சாலை நடுவே மூன்று மான்கள் தெரிந்தன. அப்பா அவசரமில்லாமல் வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். மான்கள் காரைப் பார்த்தன. மணல்மூட்டையோடு சேர்த்து எடை போடுவதுபோல் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் போயின.

வாரன் க்ரீக் அரங்கின் வாசலில் பயிற்சியாளர் வாட்ச்சைப் பார்த்தபடி நின்றிருந்தார். நீலக் காரிலிருந்து கன்றுக்குட்டிப் பை இறங்குவதைக் கண்டதும் உள்ளே திரும்பிக் கத்தினார்: "கோல்கீப்பர் வந்தாச்சு."

பிரிட்டா கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, முகமூடியை இறக்கிக்கொண்டு, பனித்தளத்தில் வழுக்கிப் போய்க் கோல் முன்னால் நின்றாள். எதிரணியின் முதல் அடி வந்தது. கறுப்பு வட்டு அவள் காலில் டொப்பென்று மோதி விழுந்தது.

அன்று அவள் இருபத்தெட்டு அடிகளைத் தடுத்தாள். இரண்டை விட்டாள். அந்த இரண்டும் நல்ல அடிகள் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

லூன் லேக் அணி மூன்று கோல் போட்டிருந்தது.